ரெண்டு விரல் சந்து

வாங்கக்கா, உள்ள வாங்க. குடைய அந்த மூலையிலயே வைங்க, அங்க ஏற்கனவே குளந்தான். என்ன, ரோட்டுல தண்ணி வடிஞ்சிருச்சா? அப்பாடா! அஞ்சு நாளாச்சு வெளியாளு முகத்தப் பாத்து. நீங்க சாவியக் குடுத்துட்டுப் போனீங்க, அன்னிக்குப் பிடிச்ச மழ. அதுக்கப்புறம் உங்களையும் காணோம், சூரியனையும் காணோம். உக்காருங்க, டீ கொதிக்குது.

ஐயோ, அந்தக் கதவ இப்பப் பாக்காதீங்க. தெரியும், தெரியும். சமையல்கட்டுக் கதவு அப்படி இருக்கக் கூடாதுதான். ரெண்டு விரல் தாராளமா உள்ள போகுது. அதச் சொல்லத்தான் உக்காரச் சொல்றேன். கீழ கெடக்கறதா? அது பிஸ்கட் டப்பா அட்டை, சும்மா மடிச்சது. இங்க குடுங்க.

என் வீட்டுக்காரரும் அவரோட அண்ணனும் தச்சு வேலக்காரங்க. அண்ணன நான் மாமான்னுதான் கூப்பிடுவேன். முன்னாடி ஒரே பட்டறை, ஒரே டிபன் கேரியர். அப்புறம் பதினோரு வருஷம் மூஞ்சியக்கூடப் பாத்துக்கல. எம்பொண்ணு இருக்காளே, எமகாதகி. கடலோரமா ஒரு வீடு பிடிச்சிருக்கேன், நீங்களே சமைச்சு சாப்ட்டு நிம்மதியா இருந்துட்டு வாங்கன்னு எங்கள ஏத்தி அனுப்பிட்டா. அந்தப் பக்கம் மாமா பையன் அதே வார்த்தைய அவங்க அம்மா அப்பாகிட்ட சொல்லியிருக்கான். இங்க வந்து எறங்கறோம், வாசல்ல மாமா பெட்டியோட நிக்கறாரு! திரும்பிப் போயிடலாம்னா டாக்ஸிக்காரன் போயிட்டான். பொழுது சாயறதுக்குள்ள ரோடு முங்கிருச்சு.

ஆமா, நீங்க சிரிங்க. நாங்க வீட்டையே ரெண்டாப் பிரிச்சுக்கிட்டோம். பிரிட்ஜுல மேல் தட்டு அவங்களுக்கு, கீழ் தட்டு எங்களுக்கு. ஒரே அடுப்பு, அதனால எட்டு மணிக்கு அவங்க சமையல், பத்து மணிக்கு நாங்க. இதுல பாருங்க, அவங்க உப்பு எடுத்துட்டு வர மறந்துட்டாங்க. எங்ககிட்ட ஒரு கிலோ கெடக்கு. வாயத் தொறந்து கேப்பாங்களா? மாட்டாங்களே! ரெண்டு வேள உப்பில்லாத பருப்பத் தின்னாரு மாமா, மூஞ்சி மாறாம. எனக்குத்தான் பாக்க சகிக்கல. மூணாவது வேள, மறந்து வச்ச மாதிரி பொட்டலத்த மேடை மேலயே விட்டுட்டேன். அவரு பொண்டாட்டி, என் ஓரகத்தி, பாத்துச்சு. மறுநாள் பொட்டலத்துப் பக்கத்துல எனக்கு ரெண்டு அவிச்ச முட்ட இருந்துச்சு.

சண்டையா? கேட்டா நம்ப மாட்டீங்க. ஒரு அலமாரிக் கதவு. கல்யாண வீட்டுக்குப் பண்ணின அலமாரி. கொண்டு போய் நிறுத்தறோம், வலது கதவு மூடினா ரெண்டு விரல் சந்து. அத்தன பேரு முன்னாடி மானம் போச்சு. அளவெடுத்தவன் நீதானேன்னு மாமா கத்த, அறுத்தது யாருன்னு இவரு கத்த, நடுக்கூடத்துல ஒருத்தர ஒருத்தர் பேசக்கூடாததெல்லாம் பேசிட்டாங்க. அன்னிக்கு ரெண்டாப் போச்சு பட்டற.

இந்தாங்க டீ. சக்கர பாத்துக்குங்க.

இங்க மூணாம் நாளு, மழைல ஊறி உங்க கதவு உப்பிருச்சு. மூடினா தொறக்கல, தொறந்தா மூடல. இவரு குடையப் பிடிச்சுக்கிட்டு கடல் பாக்கப் போயிருந்தாரு. கடல் எங்க தெரியுது, எல்லாம் ஒரே சாம்பக் கலரு. மாமாதான் வீட்டுல. மாமா, கதவு உரசுதுன்னேன். பதினோரு வருஷத்துல அவருகிட்ட நான் பேசின மொத வார்த்த. எந்திரிச்சுப் போயி பெட்டியத் தொறந்தாரு. கடல் பாக்க வர்ற மனுசன் யாராவது துணிமணிக்கு நடுவுல இழைப்புளி வச்சு எடுத்துட்டு வருவாங்களாக்கா? மரம் சீவறதுதான், ஆமா. எங்க வீட்டுக்காரரும் ஒண்ணு கொண்டு வந்திருந்தாரு, அது வேற கத. மாமா சீவினாரு. மழ தகரத்துல அடிக்கற சத்தத்துல ஒண்ணும் கேக்கல.

மத்தியானம் மாமா தூங்கையில நான் இவருகிட்ட போயி, ஏங்க, சமையல்கட்டுக் கதவு உரசுதுங்கன்னேன். வந்து தள்ளிப் பாத்தாரு, உரசிச்சு. அவரும் சீவினாரு.

சாயங்காலம் நாலு பேரும் சமையல்கட்டுல. கதவ மூடுனா ரெண்டு விரல் சந்து. மாமா அதையே பாக்கறாரு. இவரும் பாக்கறாரு. நான் கொஞ்சமாத்தான் எடுத்தேன்னு இவரு செவுத்தப் பாத்துச் சொன்னாரு. நீயும் எடுத்தியான்னாரு மாமா. ரெண்டு விரல அந்தச் சந்துக்குள்ள விட்டுப் பாத்தாரு. அப்புறம் மாமா மெதுவா, டேய், அந்த அலமாரியிலயும் நான் சீவினேன்டா, என் மேல தப்போன்னு பயந்துதான்டா அவ்ளோ கத்தினேன்னாரு. இவரு சொல்றாரு, நானும்தாண்ணே. ரெண்டு பேரும் அப்படியே தரைல உக்காந்துட்டாங்க. சிரிக்கறாங்களா அழறாங்களான்னு தெரியல. என் ஓரகத்தி இருக்கற முட்டையெல்லாம் ஒடைச்சு ஒரே சட்டியில ஊத்திருச்சு. தட்டுக் கணக்கெல்லாம் அன்னியோட முடிஞ்சுது.

கதவுக்குக் கவலப்படாதீங்க. பின்னாடி தாழ்வாரத்துல தட்டற சத்தம் கேக்குதா? சந்த அடைக்க மரத்துல ஒட்டுப் பட்டை தயாராவுது. புதுக் கதவு மாதிரி ஆக்கிட்டுத்தான் கெளம்புவாங்க. வேணும்னா உங்க ஜன்னலையும் காட்டுங்க.

என்னக்கா, ஏன் அப்படிப் பாக்கறீங்க? மாமா சீவினப்புறமும் எப்படி உரசுச்சுன்னா?

ம். அதான் கேப்பீங்கன்னு நெனச்சேன். இந்த அட்டை இருக்கே, மாமா தூங்கையில இத எட்டா மடிச்சு கதவுக்கு அடியில சொருகினேன். அதுதான் உரசுச்சு.

அலமாரிக்கு நாந்தான் வார்னிஷ் அடிச்சேன்க்கா. அன்னிக்குக் காலைல மாமாகிட்ட அலமாரிக் கதவு உரசுதுன்னேன். வார்னிஷ் அடிச்சப்புறம் திரும்ப லேசா உரசுற மாதிரி இருந்துச்சு, இவருகிட்டயும் சொன்னேன். காலைல மாமா சீவிட்டாருன்னு இவருகிட்ட சொல்ல மறந்துட்டேன். கல்யாண வீட்டுல அவங்க கத்தினப்பதான், ரெண்டு பேருமே சீவியிருக்காங்கன்னு எனக்கு வெளங்குச்சு. வாயத் தொறக்கப் பயமா இருந்துச்சு. அன்னிக்குச் சொல்லல, அப்புறம் சொல்ல மூஞ்சி இல்ல. பதினோரு வருஷம் இவரு தனியாச் சாப்பிடறதப் பாத்துக்கிட்டே இருந்தேன்க்கா.

சொல்லணுந்தான். சொல்லிடுவேன். ஒட்டுப் பட்டை ஒட்டிக் காயட்டும், நாலு பேரும் சாப்பிட உக்காரையில சொல்லிடறேன்.

வர்றாங்க, வர்றாங்க. அட்டைய முந்தானைல முடிஞ்சுக்கறேன். ஒண்ணே ஒண்ணுக்கா. அடுத்த மழைக்கு இந்தக் கதவு திரும்பவும் உப்பும். போன் பண்ணுங்க, ஓடி வந்துருவாங்க. ஆனா ரெண்டு பேர்ல யாராவது ஒருத்தருக்கு மட்டும் பண்ணுங்க.