பச்சை விரிப்பின் அடியில்

இந்த ஆஸ்பத்திரி கேன்டீன் காபி சுமார்தான், ஆனால் சூட்டுக்குக் குறைவிருக்காது. ஆறுவதற்குள் குடித்துவிடுங்கள். இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிறீர்கள். சர்க்கரை போதாவிட்டால் சொல்லுங்கள், இன்னொரு பொட்டலம் வாங்கி வருகிறேன்.

என் வீட்டுக்காரரை ஆபரேஷனுக்காக அந்தக் கதவுக்கு உள்ளே அழைத்துப் போயிருக்கிறார்கள். இடது மணிக்கட்டு. அவர் எவ்வளவு பெரிய கோல்ஃப் ஆட்டக்காரர் என்று விளையாட்டுச் சங்கத்திலிருந்து வந்திருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்கள் வந்தது என் கொழுந்தனார் விஷயமாக. எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அண்ணனின் மட்டைப் பையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர். அவரை என் வீட்டுக்காரர் வெளியே அனுப்பியதோடு நிற்காமல், துரோகி என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். அதன் பிறகு எந்த ஆட்டக்காரரும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நீங்கள் நியாயம் கேட்க வந்திருக்கிறீர்கள். அவர் உங்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாராம், ஷெட் சாவியை வாங்கி அங்கிருக்கும் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள் என்று. சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. தருகிறேன். ஆனால் முழுக்கதையும் தெரியாமல் போய்ப் பார்த்தால் என்னைத் தப்பாக நினைப்பீர்கள். உட்காருங்கள்.

கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் வீட்டுக்கு வருவதே விருந்தாளி வருவது மாதிரி இருக்கும். பல் தேய்க்கும் பிரஷ்ஷைக்கூடப் பயணப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்க மாட்டார். தேய்ப்பார், உதறுவார், திரும்பப் பெட்டியில் வைப்பார். போட்டி இல்லாத நாளில் பயிற்சி, பயிற்சி இல்லாத நாளில் விமானம். நான் சண்டை போட்டதில்லை. புல்தரையைக் கட்டிக்கொண்டவருக்கு நான் இரண்டாம் தாரம் என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பேன். அவளும் சிரிப்பாள். போனை வைத்த பிறகு வீடு அப்படியே கிடக்கும்.

பிறகு ஒரு போட்டியில் பந்து மரத்தடியில் போய் நின்றது. ஓங்கி அடித்தார். மண்ணுக்குள் வேர் இருந்தது தெரியவில்லை. மணிக்கட்டில் கட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இதில் என் கை எதுவும் இல்லை, தயவுசெய்து இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கட்டுப் போட்டிருந்த நாட்கள்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள். சட்டை மாட்டிவிட்டேன், நகம் வெட்டிவிட்டேன், வலது கை நன்றாக இருந்தும் சோறுகூடப் பிசைந்து கொடுத்தேன். சமையலறைச் சுவரைப் பார்த்து, "இது எப்ப மஞ்சளாச்சு?" என்று கேட்டார். நாலு வருஷமாக மஞ்சள்தான். நான் அலுவலகத்தில் என்ன வேலை செய்கிறேன் என்று அப்போதுதான் விசாரித்தார். ஒருநாள் மத்தியானம் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தேன்.

"நீ இவ்வளவு பேசுவியா?" என்றார்.

"கேக்க ஆள் இருந்தாத்தானேங்க பேசறது" என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மறைப்பானேன்.

கட்டைப் பிரித்தார்கள். தினம் கொஞ்ச நேரம் அடித்துப் பழகலாம் என்றார் டாக்டர். மைதானத்துக்குப் போனால் நாலு பேர் கையையே பார்ப்பார்கள் என்று, வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் வலை கட்டிப் பழகினார். சிமெண்ட் தரைமேல் கனமான கறுப்பு ரப்பர் மெத்தை, அதன்மேல் புல் மாதிரி பச்சை விரிப்பு. மட்டை பந்தோடு சேர்த்துத் தரையையும் இடிக்கும் இல்லையா, அந்த அதிர்ச்சியை மெத்தைதான் வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் எல்லாம் மணிக்கட்டுக்குப் போகும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். நன்றாகப் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பார்.

முதல் நாள் பழகிவிட்டு வந்ததும் முகமெல்லாம் வெளிச்சம். உடனே யாருக்கோ போன் போட்டு டிக்கெட் விசாரித்தார். அன்று சாயங்காலம் பிரஷ் மறுபடி பெட்டிக்குள் போய்விட்டது.

எனக்கு அவர் ஆட்டத்தின்மேல் கோபம் இல்லை. இன்னும் கொஞ்சம் ஓய்வு வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஒரு எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டுக் குணமாகிவிட்டது என்று டாக்டர்கள் சொல்லிவிடலாம். கூட இருக்கிறவளுக்குத் தெரியாதா?

அவர் குளிக்கப் போன நேரத்தில் விரிப்பைத் தூக்கினேன். முழு மெத்தையையும் எடுத்தால் நிற்கும்போதே கால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் பந்து வைக்கும் இடத்தில் மட்டும் ஒரு சதுரம் வெட்டி எடுத்தேன். அந்தக் குழியில் அதே உயரத்துக்கு ஒரு பலகையை வைத்தேன். விரிப்பை மூடினால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

நீங்கள் கேட்க வருவது புரிகிறது. மட்டையின் பிடியில் ஒரு சுற்று டேப் கூடினால்கூடக் கண்டுபிடிக்கிறவர், இதை எப்படிக் கவனிக்காமல் விட்டார்? கவனித்தார். அடிபட்டுத் திரும்பிய ஆட்டக்காரர்கள் செய்யும் தப்பையே அவரும் செய்தார். தரையைச் சந்தேகப்படாமல் தன் கையைச் சந்தேகப்பட்டார்.

"கை செத்துப்போச்சு போல. கல்லுல அடிக்கிற மாதிரி இருக்கு" என்றார்.

"கட்டுப் பிரிச்சா கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்னு டாக்டர்தான் சொன்னாரேங்க" என்றேன். டாக்டர் அப்படிச் சொன்னது உண்மை.

வலி திரும்ப வந்தது. ஓய்வு, மருந்து, குணம், மறுபடி ஷெட், மறுபடி வலி. டாக்டர் மண்டையை உடைத்துக்கொண்டார். என் வீட்டுக்காரருக்கு எல்லோர்மேலும் சந்தேகம். கை பிடித்துவிட வந்தவர் எதிரிகளிடம் காசு வாங்கிவிட்டார் என்று அவரை நிறுத்தினார். மட்டையைப் பழுது பார்க்கிறவர் எடையை மாற்றிவிட்டார் என்றார். ராத்திரியில் எழுந்து ஜன்னல் வழியாக ஷெட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார். கடைசியில் அதற்கு ஒரு பெரிய பூட்டு வாங்கிப் போட்டு, "உன்னத் தவிர யாரையும் நம்ப முடியல" என்று சாவியை என்னிடம் கொடுத்தார். நான் அதைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்டேன். இன்றுவரை வேறு யார் கைக்கும் போனதில்லை.

வெட்டிய சதுரத்தை நான் வீணாக்கவில்லை. உறை தைத்துப் போட்டு, சோபாவில் வைத்தேன். வலிக்கும் கையை அதன்மேல்தான் வைத்துக்கொள்வார். இதமாக இருக்கிறது என்பார்.

கொழுந்தனார் ஒருநாள் அந்தச் சோபாவில் அண்ணனோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது சும்மா அதை அமுக்கினார். இன்னொரு தடவை அமுக்கினார். அப்புறம் முகர்ந்து பார்த்தார். வருஷக்கணக்காக அந்த மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றி இறக்கியவர் அவர். என் முகத்தைப் பார்த்தார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அண்ணனிடம் அவர் பேசியது அங்கே கேட்டது.

"அண்ணா, ஷெட்டுக்கு வா. அந்த விரிப்பக் கொஞ்சம் தூக்கிப் பாக்கலாம். பூட்டுனதிலேருந்து சாவி அண்ணிகிட்டதானே இருக்கு?"

"யாரச் சொல்ற நீ?"

"நான் யாரையும் சொல்லல. தூக்கிப் பாரு, போதும்."

"என் பொண்டாட்டிய வேவு பாக்கச் சொல்றியா? எழுந்து வெளிய போ."

பத்தடி நடந்தால் ஷெட். என் வீட்டுக்காரர் போகவில்லை. விரிப்பைத் தூக்கினால் என்னைச் சந்தேகப்பட்டது மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தார். உலகத்தில் எல்லோரையும் சந்தேகப்பட்ட மனிதர் என்னிடம் மட்டும் அப்படி இருந்தார். அன்று எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு அன்பு வைத்திருக்கிற மனிதரை எப்படி ஊருக்கு அனுப்புவது?

கொழுந்தனாருக்கு நடந்தது அநியாயம்தான். நீங்கள் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

போன மாதம் டாக்டர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, ஒரு வருஷம் மட்டையைத் தொடாமல் இருந்து பார்ப்பது. இன்னொன்று, மணிக்கட்டு எலும்புகளைச் சீவி, தகடு வைத்து ஒன்றாகச் சேர்த்துவிடுவது. வலி போய்விடும், ஆனால் அந்தக் கை பிறகு மடங்காது. ஆட்டம் அதோடு முடிந்தது. என் வீட்டுக்காரர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "நீ என்ன சொல்ற?" என்று என்னைக் கேட்டார். எந்தப் பெரிய முடிவுக்கும் அவர் என்னைக் கேட்டதில்லை.

"இந்த வலி போனாப் போதுங்க" என்றேன்.

ஏன் எழுந்துவிட்டீர்கள்? உட்காருங்கள், இனி ஓடிப் பயனில்லை. நீங்கள் வந்தபோது அவர் அந்தக் கதவுக்குப் பின்னால்தான் முழிப்போடு படுத்திருந்தார். மயக்க ஊசிகூடப் போடவில்லை. அவரோடு யாராவது பேச வேண்டுமா என்று நர்ஸ் வந்து கேட்டாளே, நீங்கள் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தீர்கள், நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். நான் அப்போதே விரிப்பிலிருந்து ஆரம்பித்திருந்தால் நீங்கள் உள்ளே ஓடியிருப்பீர்கள். அவரும் எழுந்து வந்திருப்பார். அதனால்தான் கல்யாணத்திலிருந்து ஆரம்பித்தேன். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்து வெகு நேரம் ஆகிறது. சீவிய எலும்பைத் திரும்ப ஒட்ட முடியாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

இந்தாருங்கள் சாவி. போய்ப் பாருங்கள், படம் எடுத்துக்கொள்ளுங்கள். அவரிடம் மட்டும் இன்றைக்கே சொல்லிவிடாதீர்கள். மனிதர் நொந்துபோய்விடுவார். அவருக்கு ஒரு வலி என்றால் என்னால் தாங்க முடியாது.