மூட்டைக்கா, குவிண்டாலுக்கா?

"...நாங்க கேட்ட வெலையே வந்திருக்குக்கா. அது மூட்டைக்கா, குவிண்டாலுக்கானுதான் புரியல" என்றாள் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் என் முன்சீட்டுப் பெண். திருவண்ணாமலை மார்க்கெட் கமிட்டியில் வேர்க்கடலைப் பருப்பை ஏலத்துக்கு இறக்கிவிட்டு வருகிறாள். ஆன்லைன் ஏலத்தின் விலை போனில் வந்திருந்தது.

"மூட்டை எண்பது கிலோ. குவிண்டால்னா இருபது கிலோ ஜாஸ்தி. அது சும்மா போயிடும்டி" என்றாள் பக்கத்து அக்கா.

"நாங்க மூட்டைக்குனுதான் சொன்னோம். கமிட்டி கம்ப்யூட்டர்ல ஏத்துனாங்க. வெளியூர் வியாபாரி கம்ப்யூட்டருக்கு நம்ம மூட்டை தெரியுமா?"

"ரெண்டு கம்ப்யூட்டரும் பேசிக்கும்னாங்களே?"

"பேசிக்குது. நானும் எங்க நாத்தனாரும் பேசிக்கிற மாதிரி."

சிரிப்பு அடங்கியதும் மறுபடி போனைப் பார்த்தாள். 'சம்மதம்' என்ற பச்சைப் பொத்தான்மேல் போன விரலை மடக்கிக்கொண்டாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, சாலையைக் கடந்து, திருவண்ணாமலைக்குத் திரும்பும் பஸ்ஸுக்குக் கை காட்டினாள்.