என் கையும் துரைராசுவின் வேலையும்

அவையை அமைதியாய் ஆளும் தலைவர் மங்களாம்பிகை அம்மையார் அவர்களே, வாய்க்கால் வறண்ட நாளிலும் வாக்கு வறளாத பெரியோர்களே, நாற்று முடியை இறக்கிவைத்த ஈரக்கையோடு வந்தமர்ந்த தாய்மார்களே, பந்தலில் இடமின்றி வெயிலில் நிற்கும் தோழர்களே, முருகையனின் வணக்கம்.

அலங்காரம் போதும். நான் டிப்ளமா படித்த இஞ்சின் மெக்கானிக். கோளாறு எங்கே என்று நேராகச் சொல்லியே பழக்கம். நம் வயல்களுக்குத் தண்ணீர் இறைக்கும் ஊர்ப் பொது இஞ்சினை ஓட்டும் வேலையைத் துரைராசுவுக்குக் கொடுக்கலாமா? முருகையன் சம்மதித்தால் கொடுக்கலாம் என்கிறது, சிறை மீண்டவரை ஊரோடு சேர்த்துவைக்க நாம் அமைத்த இணக்கக் குழு. அது யார் பார்த்த வேலை? நான் பார்த்த வேலை.

இரண்டு ஆண்டுக்கு முன், குத்தகை நிலத்தை விடமாட்டோம் என்று நாம் நின்ற குறுவை நடவில், நிலக்காரர் பக்கம் நின்ற துரைராசு அந்த இஞ்சினை உடைக்கக் கடப்பாரையை ஓங்கினார். நான் குறுக்கே கை நீட்டினேன். இஞ்சின் பிழைத்தது. என் வலக்கை பிழைக்கவில்லை. இன்று இஞ்சினைக் கிளப்பும் ஹேண்டிலைச் சுற்ற அதற்கு வலுவில்லை.

ஓராண்டு சிறையிருந்து அவர் திரும்பினார். வியாழன்தோறும் குழுவினர் இருவர் அவர் வீட்டில் போய் உட்கார்ந்தார்கள். குடியை விட்டாயா என்று கேட்டார்கள். பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்று கேட்டார்கள். நல்லது, மிக நல்லது. அந்த வீட்டுக்குப் போகும் வழியில்தானே என் வீடும் இருக்கிறது? எத்தனை வியாழன் என் வாசலில் மணியடித்து மிதிவண்டி கடந்தது? எத்தனை வியாழன் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன்?

என்ன அண்ணே, "பொறாமையா முருகையா"ன்னா கேக்குறீங்க? ஆமாண்ணே, பொறாமைதான். படிச்ச பையன், தானே தேத்திக்குவான்னு விட்டுட்டீங்க.

குழு சொன்னபடி, போன மாதம் எங்கள் வயலில் நாற்று சுமக்க அவர் வந்தார். வயலில் புதிதாக இறங்குபவருக்கே முதல் கஞ்சி என்பது எங்கள் வழக்கம். என் தாய் தர்மாம்பாள் அவருக்கு முதலில் ஊற்றினார்.

"அடிச்சவனுக்கா அம்மா முதல் கஞ்சி?"

"அவன் தலை நிமிராம சேத்துல கெடக்கான்டா. நீ நிமிந்துதானே நிக்கிற."

நிமிர்ந்து நிற்பவனுக்குப் பசிக்காதா, தாய்மார்களே? நிமிர்ந்து நிற்பவனுக்கு நெஞ்சு நோகாதா?

கஞ்சிக் கிண்ணத்தோடு அவரே என்னிடம் வந்தார். "தம்பி, மழை நாள்ல அந்தக் கை வலிக்குதா?" என்றார்.

இரண்டு ஆண்டில் அதைக் கேட்ட முதல் ஆள் அவர். அடித்தவர் கேட்டார், அணைக்க வேண்டிய ஊர் கேட்கவில்லை. அந்தக் கேள்வியைக்கூட அவரே தட்டிக்கொண்டு போனாரே என்று அதற்கும் பொறாமைப்பட்டேன். ஆனால், "வலிக்குதுண்ணே" என்று சொன்னேன். சொன்ன பிறகு அன்றிரவு தூங்கினேன்.

ஆகவே, அவையோரே, சம்மதம். துரைராசு ஹேண்டிலைச் சுற்றட்டும். செய்தவரைச் சேர்த்துக்கொள்ளும் ஊர் சிறந்த ஊர். பட்டவனையும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும் ஊரே நிறைந்த ஊர். அவருக்கு இருவர் என்றால் எனக்கும் இருவர் வேண்டும். யார் வருகிறீர்கள்? கைதட்டல் வேண்டாம். எழுந்து நில்லுங்கள்.

ஜெக்கரியா அண்ணன் எழுகிறார். ரெங்கம்மாள் அக்காவும் எழுகிறார். துரைராசு அண்ணே, நீங்களுமா எந்திரிச்சீங்க? நீங்க உக்காருங்க. வியாழக்கிழமை உங்க வீட்டுக்கு ஆள் வரும், நீங்க அங்க இருக்கணும்.

எழுந்தவர்களுக்கு நன்றி. பொறுமையாய்க் கேட்ட எல்லோருக்கும் என் வணக்கம்.