உப்பு பார்த்தவள்

கடலோர ஊருக்குப் போனால் அவசரப்பட்டுச் சாப்பிடக் கூடாது, ஐயா. ஒரு நாளைக்கு ஒரு தெரு, ஒரு வேளைக்கு ஒரு கடை. நானும் என் வீட்டுக்காரரும் எட்டு நாள் அப்படித்தான் இருந்தோம். காலையில் சங்கும் சிப்பியும் வைத்திருக்கும் காட்சிசாலை, மதியம் மீன், சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் பாட்டுக் கச்சேரி. புதுசாய்க் கல்யாணம் ஆனவர்கள் மாதிரி இருக்கிறோம் என்று விடுதிக்காரி கிண்டல் செய்தாள். எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தோரு வருஷம்.

அந்த முப்பத்தோரு வருஷமும் முதல் வாய் எடுத்ததும் அவர் சொன்னது ஒரே வார்த்தை, "உப்பு." கூடினாலும் அதுதான், குறைந்தாலும் அதுதான். தட்டை இரண்டு விரலால் தள்ளிவிடுவார். என் தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னாலும் தள்ளினார். "இவளுக்கு நாக்கு செத்துப்போச்சுங்க, அதான் இப்படி" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

போன வருஷம் ஒரு காய்ச்சலில் அவர் நாக்குதான் செத்தது. கரிப்பும் தெரியாது, புளிப்பும் தெரியாது. பின்னாலேயே இதயமும் பலவீனமானது. "உப்பு கூடினா உடம்புல நீர் கோத்துக்கும்மா, மூச்சு முட்டிடும். நீங்கதான் பாத்துக்கணும்" என்றார் டாக்டர். பார்த்துக்கொள்வது எனக்குப் பழக்கம்தான்.

ருசி தெரியாதவரைச் சாப்பிட எதற்கு அழைத்துப் போனாய் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. மனுஷன் வீட்டுக்குள்ளேயே வாடிக் கிடந்தார், பாவமாக இருந்தது. ஒவ்வொரு கடையிலும் முதல் வாயை நான் எடுப்பேன். அவர் என் முகத்தையே பார்த்திருப்பார். "உப்பு எப்படியிருக்கு?" என்பார். என்னைப் போய்க் கேட்டார், ஐயா. "சரியா இருக்கு" என்பேன். பிறகு அவர் கடலைப் பார்க்கும் சமயம் கைப்பையிலிருந்த டப்பாவைத் திறந்து அவர் தட்டில் கொஞ்சம் தூவுவேன்.

நான்காம் நாள் செருப்பு காலில் நுழையவில்லை. பெரிய அளவில் வேறு ஜோடி வாங்கிக் கொடுத்தேன். ஏழாம் நாள் படுத்தால் மூச்சு வாங்கியது. முதுகுக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தேன். அந்த விஷயத்தில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

எட்டாம் நாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "போதும், வீட்டுக்குப் போயிடலாம். உன் கையால கொஞ்சம் கஞ்சி வச்சுக் குடு. உன் சமையலை நான் ரொம்பக் கொறை சொல்லிட்டேன், இல்ல?"

எனக்கு அழுகை வந்தது. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் என் இளமையெல்லாம் அடுப்படியில் காத்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு விடுதிச் சமையல்காரரிடம் ஓர் அடுப்பைக் கேட்டு வாங்கிக் கஞ்சி வைத்தேன். உப்பைக் கை நிறைய அள்ளிப் போட்டேன் என்று அந்தச் சமையல்காரர் சொன்னது உண்மை. என் வீட்டுக்காரர் சொட்டு விடாமல் குடித்தார். "நல்லாருக்கு" என்றார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவர் விடியும்வரை என் கையை விடவேயில்லை. விடிந்தபோது நான்தான் விடுவித்துக்கொண்டேன்.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஆமாம், எழுதிக்கொள்ளுங்கள். சமையல்காரர் சொன்னதில் ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கஞ்சி வாயில் வைக்க முடியாத கரிப்பு என்றாராமே. சட்டியில் மிச்சமிருந்ததை நான்தான் குடித்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.