மழைக்கு அழியாத மை

செங்கத்திலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு மலைக்கார அம்மாள். அவருக்குப் பக்கத்தில், மடியில் மை டப்பாக்களுடன் ஒரு வாணியம்பாடி அச்சுக்காரர்.

"பாய், மழைக்கு அழியக் கூடாது. எம் புள்ள வந்த அன்னிக்கி அழிச்சிடணும். அந்த மாதிரி மை இருக்குதா?"

"அது இருந்தா நான் ஏம்மா பஸ்ல வர்றேன், கார்ல போவேன்! எது மேல எழுதணும்? துணிக்கு ஒரு மை, பிளாஸ்டிக்குக்கு ஒண்ணு, தோலுக்கு வளைஞ்சாலும் வெடிக்காத ஒண்ணு. மாத்திப் போட்டா உரிஞ்சிக்கினு வந்துடும்."

நான் அச்சுத் தொழில் படித்தவள். அவர் சொன்னது சரிதான்.

"தகரக் கதவுங்க. பழைய வூட்டுது."

"இன்னா எழுதணும்?"

"'நெல்லிவாசலுக்குப் போய்ட்டோம், அங்க வா'ன்னு. அப்பன்கிட்ட கோவிச்சிக்கினு போனான் பாய். அதுக்கப்புறம் கெணறு வத்திடுச்சி, வூடு மாறிட்டோம். அவனுக்குத் தெரியாது. சேங்கொட்டைச் சாறுல எழுத வெச்சேன், ஒரே மழையில போய்டுச்சி."

"சேங்கொட்டை துணியிலதாம்மா புடிக்கும். வேட்டிக்குக் குறி போடலாம். தகரத்துக்கு எனாமல்தான்."

"அப்புறம் அழியுமா? அவன் வந்தப்புறமும் அதப் பாத்தா அவன் போனதுதான் ஞாபகம் வரும்."

"அழியாது. தனித் தகரத்துல எழுதித் தர்றேன், கதவுல மாட்டுங்க. புள்ள வந்தா கழட்டிடலாம்."

அம்மாள் கையைத் தலைக்கு மேல் தூக்கி உயரம் காட்டினார்.

"அப்ப கதவுக்கு மேல, நல்லா உசரத்துல மாட்டச் சொல்றேன். எனக்கு எட்டக் கூடாது. அவன் நெட்டையன் பாய், அவனே வந்து கழட்டட்டும்."