உப்புத்தண்ணி ஊசி

“உப்புத்தண்ணிதாம்மா. வேற ஒண்ணும் இல்ல. எனக்கு ஏத்துனது வெறும் உப்புத்தண்ணி,” என்றாள் லூசியம்மாள். சொல்லிக்கொண்டே குழந்தையின் முதுகில் ஒரு செம்பு வெந்நீரைச் சாய்த்தாள்.

குளியலறை வாசலில் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்ற ஷ்ருதிக்கு அந்தப் பேச்சில் பாதி காதில் ஏறவில்லை. மணைப்பலகையில் உட்கார்ந்து லூசியம்மாள் நீட்டியிருந்த இரண்டு கால்களும், அந்தக் கால்களின் மேல் எண்ணெய்ப் பளபளப்போடு குப்புறக் கிடந்த இருபத்துமூன்று நாள் பெண்குழந்தையும் மட்டும்தான் அவள் கண்ணில் இருந்தன.

இந்த இருபத்துமூன்று நாளில் ஷ்ருதி குழந்தையை ஈரத்தோடு ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. உலர்ந்த குழந்தையைத் தூக்குவதற்கே அவளுக்கு இரண்டு தலையணையும் ஒரு பிரார்த்தனையும் வேண்டியிருந்தது. கான்வென்டில் பன்னிரண்டு வருஷம் படித்தவள். மேஜையில் ஸ்பூனை எந்தப் பக்கம் வைப்பது, நன்றிக் கடிதத்தை எப்படி முடிப்பது என்றெல்லாம் சொல்லிக்கொடுத்த சிஸ்டர்கள், சோப்பைப் போல நழுவுகிற ஓர் உயிரை எந்த இடத்தில் பிடிப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுக்கவில்லை. ராத்திரியெல்லாம் கனவில் குழந்தை கையிலிருந்து வழுக்கியது. குளிப்பாட்ட வந்திருக்க வேண்டிய அம்மா மும்பைக்கு வெளியே கல்யாணில் மணிக்கட்டை ஒடித்துக்கொண்டு மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தாள். கணவன் வெங்கி எட்டு மணிக்கே ஆபீசுக்கு ஓடிவிடுவான். கடைசியில் கீழ்வீட்டு பத்மஜா மாமிதான் தாராவியிலிருந்து லூசியம்மாளைப் பிடித்துக் கொடுத்தாள். மாதுங்காவிலும் செம்பூரிலுமாக முந்நூறு குழந்தைகளைக் குளிப்பாட்டிய கால் என்று சிபாரிசு. வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்பதை மாமி சொல்லவில்லை.

லூசியம்மாளின் முட்டுக் கதை ஏழு வருஷத்துப் பழையது. எலும்போடு எலும்பு உரசித் தேய்ந்து, வடாலா ஸ்டேஷன் பாலத்தில் ஏறினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி சத்தம் வருமாம். முன்னால் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்களாம். ஆபரேஷன் செய்து புது முட்டு வைத்துவிடலாம், ஆனால் அதற்கப்புறம் தரையில் உட்காரக் கூடாது என்று ஒரு டாக்டர் சொன்னாராம். தரையில் உட்கார முடியாதவளிடம் யார் பிள்ளையைக் குளிப்பாட்டக் கொடுப்பார்கள்? அந்தச் சமயத்தில்தான் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்டெம் செல் ஊசி போட்டு ஆராய்ச்சி நடக்கிறது, ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இவளும் போய் வரிசையில் நின்றிருக்கிறாள்.

இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜையை உறிஞ்சினார்களாம். அதற்குள் விதை நெல் மாதிரி சில அணுக்கள் இருக்குமாம். அதைத் தனியே பிரித்து வளர்த்து முட்டுக்குள் விட்டால் வலி குறையலாம், குறையாமலும் போகலாம், அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்த ஆராய்ச்சி என்றாராம் டாக்டர். அதுவரைக்கும் லூசியம்மாளுக்குச் சம்மதம்தான். அதற்கப்புறம் சொன்னதுதான் இன்றைக்கும் அவளுக்கு ஆறவில்லை. வந்தவர்களில் பாதிப் பேருக்குத்தான் மருந்தாம். மீதிப் பாதிக்கு உப்புத்தண்ணீராம். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குமாம். போட்டுக்கொள்கிறவளுக்கும் தெரியாது, போடுகிற டாக்டருக்கும் தெரியாது. ஊசிக்கு வெள்ளித்தாளில் சட்டை வேறு போட்டிருந்தார்களாம். ஒரு வருஷம் போனபிறகுதான் கவரைப் பிரிப்பார்களாம், உப்புத்தண்ணீர்க்காரர்களுக்கு அப்போதுதான் உண்மை மருந்தாம்.

“இன்னதுன்னு தனக்கே தெரியாத மருந்தக் குத்துத டாக்டர நீங்க எங்கயாவது பாத்திருக்கியளா?”

அப்படிச் செய்தால்தான் ஆராய்ச்சி நேர்மையாக இருக்கும் என்று ஷ்ருதி படித்திருக்கிறாள். சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அதற்குள் லூசியம்மாள் குழந்தையை ஒரே கையால் புரட்டி மல்லாக்கப் போட்டாள், தோசையைத் திருப்புகிற நிதானத்தோடு.

பயத்தமாவைக் குழைத்து இடுக்கிடுக்காகத் தேய்த்துக்கொண்டே அவள் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சுக்குப் போனாள். பக்கத்தில் நூர் நிஷா என்று ஒருத்தி, அவளுக்கும் இதே முட்டு, இதே வலி. சீட்டுக் குலுக்கப் போகிறார்கள் என்றதும் நூர் நிஷா கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்தாளாம். என்ன கேட்கிறாள் என்று லூசியம்மாளுக்குத் தெரியாதா? இவளும் அதையேதான் கேட்கப்போகிறாள். அதனால் வேளாங்கண்ணி மாதாவிடம் கொஞ்சம் பெரிதாகவே நேர்ந்துகொள்ள வேண்டியதாகிவிட்டதாம். மருந்து எனக்கு விழட்டும், உப்புத்தண்ணீர் எங்கேயாவது போகட்டும். அந்த எங்கேயாவது நூர் நிஷாவாக இருந்தால் அது இவள் குற்றமில்லை. அவளுக்காகவும் ஒரு அருள் நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டாளாம்.

ஊசி போட்டு ஒரு மாசத்தில் வலி போன இடம் தெரியவில்லை. வடாலா பாலத்தில் குமரிப் பெண் மாதிரி ஏறினாளாம். மாதா கேட்டுவிட்டாள், மருந்து விழுந்துவிட்டது என்று ஊரெல்லாம் சொன்னாளாம். அப்புறம் செப்டம்பரில் வலி திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக. அப்படியென்றால் என்ன அர்த்தம்? மருந்தாக இருந்தால் வலி திரும்புமா? உப்புத்தண்ணீர். ஆளை ஏமாற்றிவிட்டார்கள். அதிலும் அந்த டாக்டர் சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை, சிரித்துக்கொண்டே குத்தினான் என்று ஆரம்பித்து, அவன் சட்டை, அவன் பேனா, அவன் மராத்தி, ஒன்றையும் அவள் விட்டுவைக்கவில்லை.

ஷ்ருதி வாளியைப் பார்த்தாள். வெந்நீர் தீர்ந்துபோயிருந்தது. அடியில் கிடந்ததை லூசியம்மாள் சுரண்டி எடுத்து, சொட்டுச் சொட்டாகக் குழந்தையின் வயிற்றில் விட்டுக்கொண்டிருந்தாள். மற்ற நாளாக இருந்தால் இந்நேரம் இடது கையைத் தரையில் ஊன்றி, குழந்தையை வலது கையில் அணைத்து, ஒரே மூச்சில் எழுந்து, துண்டில் சுருட்டிக் கையில் கொடுத்திருப்பாள். ஷ்ருதி துண்டை இன்னும் கொஞ்சம் நீட்டினாள். லூசியம்மாள் அந்தத் துண்டைப் பார்த்தாள், பார்த்துவிட்டுக் குழந்தையின் மூக்கை நீவ ஆரம்பித்தாள். ஏற்கெனவே இரண்டு தடவை நீவிய மூக்கு.

ஒரு வருஷத்துக்கு முட்டியை மடக்கக் கூடாது, சம்மணம் கூடாது, முழங்கால் போடக் கூடாது என்று டாக்டர் தாளில் எழுதியே கொடுத்திருந்தாராம். அதை அவள் ஒரு நாள்கூட மீறவில்லையாம். பிள்ளை குளிப்பாட்டும்போதுகூடக் காலை நீட்டித்தானே உட்காருகிறாள்? மடக்காதே என்றாரே ஒழிய நீட்டாதே என்று சொல்லவில்லையே? எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்ததாம், அந்த ஒரு நாளைத் தவிர. அதுவும் முழு நாள் இல்லை. காலை ஏழு மணியிலிருந்து ஒன்பது, ஒன்பதரை.

குழந்தை தும்மியது. ஷ்ருதி வாசலிலிருந்து ஓரடி முன்னால் வந்தாள்.

“வேளாங்கண்ணியிலம்மா,” என்றாள் லூசியம்மாள், குரலைத் தாழ்த்தி. “நேர்ச்சையச் செலுத்தாம இருக்கலாமா? மணல்பாதைல முழங்கால்லயே போறேன்னுலா நேர்ந்திருந்தேன்.”

மாதா கோயிலிலிருந்து குளம்வரைக்கும் நீளமான மணல்பாதை. காலால் நடக்கிறவர்கள் ஓரமாகப் போக, நேர்ச்சைக்காரர்கள் நடுவில் முழங்காலாலேயே நகர்ந்து போவார்கள். புருஷன் தனசீலன் ஒரு கையில் குடையும் ஒரு கையில் இவள் செருப்புமாகக் கூடவே வந்தாராம். வெள்ளித் தகட்டில் ஒரு கால் வாங்கிக் காணிக்கை போட்டால் போதாதா, எல்லாரும் அதைத்தானே செய்கிறார்கள் என்று கெஞ்சினாராம். லூசியம்மாள் கேட்கவில்லை. முட்டு நன்றாகிவிட்டது என்று மாதாவுக்கு முட்டைக் காட்டாமல் தகட்டையா காட்டுவது? பாதி வழியில் முட்டுக்குள் என்னவோ பிடுங்கியதாம். மணலில் கிடந்த சிப்பி என்று நினைத்துக்கொண்டாளாம். குளம் வரைக்கும் போய்த்தான் நிறுத்தினாளாம். திரும்பி வரும்போது தனசீலன்தான் தாதர்வரைக்கும் அவளைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தாராம்.

ஷ்ருதிக்கு மெல்ல மெல்லக் கணக்குப் புரிந்தது. உப்புத்தண்ணீராக இருந்தால் மாதா கேட்டதைக் கொடுக்கவில்லை, இவள் முழங்காலால் நடந்திருக்கவே வேண்டாம். மருந்தாக இருந்தால் நடந்திருக்கவே கூடாது. இரண்டில் எதுவானாலும் அந்தப் பையன் டாக்டர் மேல் ஒரு தப்பும் இல்லை. இதை லூசியம்மாளிடம் எப்படிச் சொல்வது என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான், அந்த அம்மாளின் மேலுதட்டில் வேர்வை முத்து முத்தாகக் கோத்திருப்பதைப் பார்த்தாள். வாளியில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. செம்பு சும்மா தரையில் கிடந்தது. லூசியம்மாளின் இரண்டு கையும் குழந்தையின் இரண்டு பக்கமும் சுவர் மாதிரி நின்றிருந்தன.

“வியாழக்கிழமையே கவரப் பிரிச்சிட்டாவம்மா,” என்றாள் லூசியம்மாள்.

ஷ்ருதி நீட்டியிருந்த துண்டைக் கீழே இறக்கினாள்.

“மருந்துதான். எனக்கு விழுந்தது மருந்துதான். நூர் நிஷாவுக்குத்தான் உப்புத்தண்ணி. அவளுக்கு இன்னைக்குப் போடுதாவ.” லூசியம்மாள் குழந்தையின் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “முழங்கால் போட்டீங்களான்னு அந்த டாக்டர் தம்பி மூணு தடவை கேட்டாரு. இல்லன்னுட்டேன். மருந்து பலிக்கலன்னு எம் பேருக்கு நேரா எழுதிக்கிட்டாரு. பாவம், மூஞ்சி அப்படியே தொங்கிப்போச்சு.”

இத்தனை நேரம் உப்புத்தண்ணீர் என்று அடித்துப் பேசிய வாய்தான் இது. அடுத்தபடி வந்தது ஏறக்குறைய கேட்கவே இல்லை.

“எந்திரிக்க முடியலம்மா. பத்து நிமிசமாப் பாக்கேன், ரெண்டு முட்டும் பூட்டிக்கிட்டு. பிள்ள நனஞ்சு கெடக்கு. நீங்கதான் எடுக்கணும்.”

ஷ்ருதிக்கு முதலில் வெங்கிக்கு போன் செய்யத் தோன்றியது. அவன் ரயிலில் இருப்பான். பத்மஜா மாமியைக் கூப்பிடலாம், மாமி கோயிலுக்குப் போயிருப்பாள். கல்யாணில் அம்மாவுக்கு வீடியோ போட்டால் அம்மா மாவுக்கட்டைத் தூக்கிக் காட்டி அழுவாள். குழந்தை இன்னொரு தடவை தும்மியது. உதடு லேசாக நடுங்கியது.

ஷ்ருதி ஈரத்தரையில் மண்டியிட்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள். கை நடுங்குகிறதே என்று சொன்னாளா, நினைத்தாளா, தெரியவில்லை. லூசியம்மாள் மட்டும் பதில் சொன்னாள், நடுங்கினால் நடுங்கட்டும், நடுங்குகிற கை நழுவவிடாது, இறுக்கிப் பிடிக்கும் என்று.

“இடது கைய பிடரிக்குக் கீழ குடுங்க. விரல விரிங்க. வலது கை பின்பக்கம். அவசரப்படாதிய, எங் காலு எங்கயும் போயிராது.”

தூக்கினாள். தூக்கிய அந்தக் கணத்தில் குழந்தை எண்ணெயோடு அரை அங்குலம் வழுக்கியது. ஷ்ருதியின் விரல்கள் யாரும் சொல்லாமலே போய்த் தொடையைக் கவ்விப் பிடித்தன. குழந்தை கண்ணைத் திறந்து, யார் இது புதுசாக என்கிற மாதிரி அவளைப் பார்த்தது. பார்த்துவிட்டு அவள் நைட்டி முழுக்க வெதுவெதுப்பாக நனைத்தது.

“நல்ல சகுனம்,” என்றாள் லூசியம்மாள். “கழுத்த விட்டுராதிய. ஆங்.”

படுக்கையறையில் ஷ்ருதி குழந்தையைத் துடைத்தாள். காதின் பின்பக்கம், அக்குள், தொடை மடிப்பு, ஒவ்வொன்றாக. இருபத்துமூன்று நாளாக வாசலில் நின்றே பார்த்தது கைக்கு வந்தது, கொஞ்சம் முன்னே பின்னே. படுக்கையில் விட்டுவிட்டுப் போகலாம்தான், ஆனால் விட மனசு வரவில்லை. துண்டோடு இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையால் டைனிங் டேபிளிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்தாள். லூசியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவாளா, இல்லை கீழேயிருந்து வாட்ச்மேனைக் கூப்பிட வேண்டியிருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. வியாழக்கிழமை சொன்ன பொய்யைத் திருத்தச் சொல்லி அந்த ஆஸ்பத்திரிக்கு இவளை அழைத்துப்போக வேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

“இதோ வந்துட்டேன் லூசிம்மா,” என்றாள். அன்று காலையிலிருந்து அவள் வாய்விட்டுப் பேசியது அவ்வளவுதான்.

“மெதுவா வாங்க, பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஓடாதிய,” என்று குளியலறையிலிருந்து குரல் வந்தது. அப்புறம் பழைய சுருதிக்கு ஏறிக்கொண்டது. “ஆனாலும் அந்த டாக்டரயும் சொல்லணும்மா. முழங்கால் போடாதேன்னு எழுதிக் குடுத்தாரு, சரி. மாதாவுக்கு முன்னாலயும் போடாதேன்னு ஒரு வரி எழுதினாரா, கேளுங்க.”