வலப்பக்கம் இருந்த பொத்தான்

காபியை நான் ஆறவிட்டுத்தான் குடிப்பேன், நீதிபதி அம்மா. அதனால் இது ஆறிப்போனதற்காக உங்கள் எழுத்தர் வருத்தப்பட வேண்டாம். நன்றாகவே இருக்கிறது.

பெயர் லஸ்அத். வயது முப்பத்துநான்கு. இதே ஸ்ஃபாக்ஸ் நகரம்தான் ஊர். கணினித் திரைகள் செய்வது என் தொழில். திரையில் நீங்கள் ஓர் இடத்தை அழுத்தினால் அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று எழுதி வைப்பவன் நான். ஜலீலா அக்கா போன வாரம் இதே நாற்காலியில் உட்கார்ந்து, தவறு தன் கையுடையதுதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் அவளுக்குத் தீர்ப்பு என்றும் சொன்னார்கள். அவள் சொன்னது சரியில்லை. நடந்ததை நடந்தபடி சொல்ல வேண்டும். நீங்கள் ஆள் அனுப்பிக் கூப்பிடாவிட்டாலும் நானே வந்திருப்பேன்.

காபெஸ் சாலையில் இருக்கும் அந்தத் தனியார் ஆம்புலன்ஸ் நிலையத்தில் அவள் இருபத்தாறு வருடம் தொலைபேசி எடுத்தவள். துண்டுச் சீட்டில் முகவரி எழுதி, ஒலிவாங்கியில் வண்டியைக் கூப்பிட்டு, அப்படியே இருபத்தாறு வருடம். சீட்டுக்குப் பதில் திரை கொண்டுவரும் வேலை எங்கள் நிறுவனத்துக்கு வந்தது. எங்கள் தலைவர் முன்திர் அதை என்னிடம் ஒப்படைத்தார். ஐந்து மாதத்தில் முடித்தேன்.

முதன்முதலாகச் செய்து காட்டிய அன்று திரை திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஜலீலா அக்கா கன்னத்தில் கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, இத உக்காந்து செஞ்சியா, படுத்துக்கிட்டு செஞ்சியா?" என்றாள். "இது தொறக்குறதுக்குள்ள செத்தவனே எந்திரிச்சு நடந்து ஆஸ்பத்திரிக்குப் போயிடுவான் போலிருக்கே."

எல்லோரும் சிரித்தார்கள். முன்திரும் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு நகைச்சுவை பிடிக்கும். மறுநாள் ஒரு டப்பா நிறையப் பேரீச்சை வைத்துச் செய்த மக்ரூத் இனிப்பு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள்.

"கோவமாடா? வாய்தான் பொல்லாதது எனக்கு, மனசு இல்ல. சாப்பிடு. குச்சி மாதிரி இருக்க."

இரண்டு சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. ஆனால் அந்தச் சொல் எங்கள் அலுவலகத்தில் ஒட்டிக்கொண்டது. என் வேலை எதுவாவது அரை நாள் தாமதமானால் போதும், "என்ன லஸ்அத், செத்தவன் எந்திரிச்சிட்டானா?" என்பார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனை முறை என்று எண்ணி வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

அந்தத் திரையைப் பற்றி இப்போது சொல்லிவிடுகிறேன். பல பகுதிகள் சேர்ந்ததுதான் ஒரு திரை. அழைப்புகளின் பட்டியல் ஒரு பகுதி, வண்டிகள் ஒரு பகுதி, அடியில் பொத்தான்கள் ஒரு பகுதி. எல்லாப் பகுதிக்கும் தெரிய வேண்டிய செய்தியை ஒரே இடத்தில் வைப்போம். எங்கள் தொழிலில் அதற்குப் பொது நிலை என்று பெயர். அடுக்குமாடியில் படிக்கட்டு விளக்கு இருக்கிறதே, அது போல. எந்த மாடிக்காரர் தட்டினாலும் எல்லா மாடியிலும் எரியும்.

தொலைபேசி எடுக்கும் பெண்கள் அரபியில் படிப்பார்கள், நிலையத்தின் உள்ளறையில் தங்கள் கணினியில் இதே திரையைப் பார்க்கும் டாக்டர்களுக்குப் பிரெஞ்சு இல்லாமல் ஒரு வரி ஓடாது. உங்கள் நீதிமன்றத்திலும் பாதிக் காகிதம் அப்படித்தான் இருக்கிறது. ஆகவே மொழியை மாற்ற ஒரு விசை வைத்தேன். மொழி மாறினால் திரை கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பிக்கொள்ளும். அரபி வலமிருந்து, பிரெஞ்சு இடமிருந்து. அரபியில் 'அனுப்பு' என்ற பொத்தான் வலப்பக்கம், 'முடி' இடப்பக்கம். பிரெஞ்சில் நேர் எதிர். 'அனுப்பு' என்றால் வண்டி கிளம்பும். 'முடி' என்றால் உதவி தேவையில்லை என்று அழைப்பை மூடிவிடும். இரண்டுக்கும் ஒரே நீல நிறம் கொடுத்திருந்தேன், பார்க்க அழகாக இருக்கும் என்று. எதை அழுத்தினாலும் அந்த அழைப்பு பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.

மொழியை ஒவ்வொருவர் திரையிலும் தனித்தனியாக வைத்திருக்க வேண்டும். நான் பொது நிலையில் வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் பணியில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மொழி. ஒருவர் மாற்றினால் மற்றவர் திரையும் திரும்பும். இப்படி ஒரே இடத்தில் வைப்பதுதான் என் திட்டத்தின் சிறப்பு என்று முன்திர் கூட்டத்தில் பாராட்டி, என்னைக் குழுத் தலைவன் ஆக்கினார்.

ரமலான் இரண்டாம் வாரத்தில் ஜலீலா அக்கா போன் செய்தாள்.

"தம்பி, உன் திரை துள்ளுது."

"எப்படித் துள்ளுது அக்கா?"

"அழுத்தப் போறேன், கண்ணு முன்னாடியே இந்தப் பக்கம் இருந்தது அந்தப் பக்கம் போயிடுது. மறுபடி பாத்தா பழையபடி இருக்கு. சைத்தான் புகுந்த மாதிரி."

"ரமலான்ல சைத்தானக் கட்டிப் போட்டிருப்பாங்களே அக்கா. நோன்புத் தலைசுத்தலா இருக்கும்."

அவள் சிரித்தாள். நான் போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். காரணத்தைக் கண்டுபிடிக்க இருபது நிமிடம்கூட ஆகவில்லை. சரிசெய்ய ஒரே ஒரு வரி போதும். அந்த வரியை நான் எழுதவில்லை. எழுதினால் யார் வைத்த பிழை என்று எல்லோரும் பார்ப்பார்கள். குழுத் தலைவனாகி மூன்று வாரம்கூட ஆகவில்லை. பெருநாள் கழியட்டும், வேறு திருத்தங்களோடு சேர்த்துச் செய்யலாம் என்று விட்டேன். எந்த அலுவலகத்திலும் இப்படித்தான் நடக்கும்.

அவள் போன் செய்த பதினோராம் நாள் மாலை, நோன்பு திறக்க ஐந்து நிமிடம் இருக்கையில், ஹமாதி என்ற மீன் வியாபாரிக்கு வீட்டில் நெஞ்சு வலி வந்தது. வயது ஐம்பத்தெட்டு. நோன்பு திறக்க மேசையில் ஷோர்பா சூப் ஊற்றி வைத்திருந்தார்களாம். மகள் ரவ்தா அழைத்தாள். ஜலீலா அக்கா முகவரி கேட்டாள், பட்டியலில் சேர்த்தாள், வலப்பக்கப் பொத்தானை அழுத்தினாள். "வண்டி கெளம்பிடுச்சும்மா, கதவத் தொறந்து வையி," என்றாள். வண்டி கிளம்பவில்லை. அழைப்பு மூடப்பட்டிருந்தது.

ரவ்தா கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இருபத்தாறு நிமிடம் வாசலில் நின்றாள். தெருவில் ஈ காக்கை இல்லை. அந்த நேரத்தில் யார்தான் வெளியே இருப்பார்கள்? ஓட்டுநர்கள் நோன்பு திறக்க உட்கார்ந்திருப்பார்கள், நாலு வாய் சாப்பிட்டுவிட்டு வருவார்கள் என்று நினைத்தாளாம். அதனால் மறுபடி போன் செய்யக் கூச்சப்பட்டாள். செய்தபோது அவள் அப்பா இறந்திருந்தார்.

விசாரணையில் திரையின் பதிவேட்டை என்னிடம் கேட்டார்கள். கொடுத்தேன். 'முடி' பொத்தான் அழுத்தப்பட்டது, அழுத்தியவர் ஜலீலா, நேரம் இன்னது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. மொழி மாறிய வரிகளை மட்டும் நீக்கியிருந்தேன். அவை வழக்குக்குத் தேவைப்படாது என்று தோன்றியது. அதே பிற்பகல் அந்த ஒரு வரியையும் எழுதிச் சேர்த்தேன். பிறகு யார் எத்தனை முறை சோதித்தாலும் திரை துள்ளவில்லை.

அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அதன்பின் எங்கள் கட்டடத்தின் கீழே உள்ள காபிக் கடைக்குத் தினமும் வருவாள். ஒரு அட்டையில் அந்தத் திரையை வரைந்து வைத்திருந்தாள், நீலப் பொத்தான்கள் உட்பட. என்னை எதிரே உட்காரவைத்து, கண்ணை மூடிக்கொண்டு அழுத்திக் காட்டுவாள்.

"பாரு தம்பி, வலப்பக்கம். இருபது தரம் அழுத்துறேன், இருபதும் வலப்பக்கம். என் விரலுக்குத் தெரியாதா?"

"பதிவேடு பொய் சொல்லாது அக்கா."

"நீ செஞ்சவன். உனக்குத்தான் தெரியும்," என்பாள்.

இரண்டு மாதம் இப்படிப் போனது. நானும் ஒருநாள் விடாமல் கீழே இறங்கிப் போய் உட்கார்ந்தேன். வேறு யாரும் அவளோடு உட்காரவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒருநாள் அவள் வலது ஆள்காட்டி விரலில் துணி சுற்றியிருந்தது. காயமா என்று கேட்டேன்.

"காயமில்ல. இத நம்ப முடியல. அடுப்பு மூட்ட, கதவு பூட்ட எல்லாத்துக்கும் இடது கைதான் இப்ப. ஒருவேளை நான்தான் அழுத்தினேனோ லஸ்அத்? நீ சொல்லு. நீ சொன்னா ஒத்துக்கிறேன்."

"வயசானா கை நடுங்கும் அக்கா. அதுல வெட்கப்பட என்ன இருக்கு?" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அட்டையை என்னிடமே கொடுத்துவிட்டு எழுந்து போனாள். அங்கிருந்து நேராக ரவ்தாவின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். அடுத்த வாரம் உங்களிடம் வந்தாள்.

அந்த அட்டை என் வீட்டில் இருக்கிறது. சாயங்காலம் ஆனால் நகம் அட்டையில் படும் சத்தம் கேட்கிறது, டொக், டொக் என்று, நிதானமாக. அலமாரியில் வைத்தேன், துணியில் சுற்றிப் பரண்மேல் போட்டேன். கேட்கத்தான் செய்கிறது. பாங்கு ஒலிப்பதற்கு ஐந்து நிமிடம் முன்பு தொடங்கும், இருபத்தாறு நிமிடம் போகும். நான் கடிகாரம் வைத்துப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக் கதவையும் இப்போதெல்லாம் நான் பூட்டுவதில்லை. காரணம் என்று ஒன்றும் இல்லை. பூட்டினால் யாரோ வாசலில் நிற்கிறார்கள் என்று தோன்றும், எழுந்து போய்த் திறந்துவிடுவேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அம்மா. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. உள்ளறை டாக்டர் அன்று தொழுகைக்குப் போயிருந்தார், அவர் கணினி அணைந்திருந்தது. அப்படியானால் மொழியை மாற்றியது யார் என்று கேட்கிறீர்கள். சர்வர் வைத்திருப்பவர்களிடம் பதிவேட்டின் இன்னொரு நகல் இருந்ததும், அது உங்கள் மேசையில் இருப்பதும் எனக்குத் தெரியும். மொழி மாறிய வரிகள் அதில் அழியாமல் இருக்கும். ஆகவே நான் புதிதாக எதுவும் சொல்லப் போவதில்லை.

நான்தான். பிழை உண்மையில் நடக்கிறதா என்று அலுவலகத்தில் வைத்துப் பார்க்க முடியாது, பணியில் ஆள் இருக்க வேண்டும். அதனால் அவள் பணியில் இருக்கும்போது என் கணினியிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றுவேன், இரண்டு நொடியில் மறுபடி அரபிக்குக் கொண்டுவந்துவிடுவேன். மொத்தம் ஏழு முறை. ஆமாம், அவள் துள்ளுகிறது என்று போன் செய்ததற்கு முன்பே மூன்று முறை. பிழை இருப்பது எனக்கு அதற்கு முன்னமே தெரியும். இருபது நிமிடத்தில் கண்டுபிடித்தது வேறொரு நாள். தேதிகள் கொஞ்சம் குழம்பிவிட்டன.

அந்த மாலை நான் நிலையத்தில்தான் இருந்தேன். தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், மடிக்கணினியோடு. எல்லோரும் நோன்பு திறக்கப் போய்விட்டார்கள், அவள் மட்டும் இருந்தாள். என்னைப் பார்த்து, உள்ளே வந்து பாங்குக்கு ஒரு பேரீச்சம்பழம் எடுத்து வைத்துக்கொள் என்று கையால் சைகை காட்டினாள். அப்போதுதான் போன் மணி அடித்தது. ஒலிபெருக்கியில் ரவ்தாவின் குரல் எனக்கும் கேட்டது. 'அப்பா பேச மாட்டேங்குறாரு' என்றாள்.

ஜலீலா அக்காவின் கை நடுங்கவே இல்லை, அம்மா. அவள் கையெழுத்துப் போட்ட காகிதத்தில் அதைத் திருத்திவிடுங்கள். அவள் விரல் வலப்பக்கம் நேராகத்தான் போனது. நான் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாதி வழி வரும்வரை காத்திருந்து, பிறகுதான் விசையைத் தட்டினேன். சோதனை என்றால் அப்படித்தான் செய்ய வேண்டும்.